இருநூற்றைந்து, ஐம்பத்தைந்து, பதினாறு

மூன்றாவது கடை இது.
ஜே.சி. ரோட்டில் மே மாத மழை
நடைபாதையை விழுங்கிவிட்டுப்
படி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறது.

ஜாக்கி மேல் என் மஞ்சள் ஆக்டேவியா,
சக்கரம் நான்கையும் கொடுத்துவிட்டு,
பல்செட்டைக் கழற்றி வைத்தவரின் கண்ணியத்தோடு.
வயது இருபது. போன மாதம்தான் ஆர்.டி.ஓ.வில்
இன்னும் ஐந்து வருடம் ஓடலாம் என்று
முத்திரை குத்தினார்கள்.
"வித்துட்டு எலக்ட்ரிக் வாங்குங்க" என்றார் வித்யாதரன்.
அவருக்கு டர்போ விழித்துக்கொள்ளும் அந்த
அரை வினாடித் தாமதத்தைப் பற்றி
எப்படிச் சொல்வது?

நயாஸ் இரண்டு டயரை உருட்டி வருகிறார்.
"இது அறுபதாயிரம் ஓடும் மேடம். கல்லு.
இது சாஃப்ட்டு. ரோட்டப் புடிச்சுக்கும்.
இருபத்தெட்டாயிரத்துல மொட்டை."

கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன்.
கல்லில் தடம் இல்லை.
மற்றதில் ஒரு பிறை விழுந்து
மெல்ல எழுந்து மறைந்தது.

நான் தணிக்கைத் துறை.
பழைய பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
கல், கிலோமீட்டருக்கு நாற்பத்தொன்பது காசு.
மெத்தை, ஒரு ரூபாய் அறுபது.
முடிந்தது கணக்கு என்று பேனாவை மூடியபோதுதான்
உறைத்தது. நான் வருடத்துக்கு ஓட்டுவதே ஆறாயிரம்.
ஐந்து வருடத்தில் முப்பது.
மிச்ச முப்பதாயிரத்தை ஓட்டப்போவது யார்?
பட்டன் தேயும் முன்னே ரப்பர் கிழடாகிவிடும்.
திரும்பப் போட்டால் கல்லுக்குத் தொண்ணூற்றொன்பது காசு.
வித்தியாசம் அறுபத்தொன்று.
அந்தச் சில்லறையை இந்த ஊரில்
பூக்காரிகூட வாங்க மாட்டாள்.

"பதினேழு இன்ச் ரிம் போட்டா கும்முனு இருக்கும் மேடம்"
என்கிறான் ஈரண்ணா.
அவன் ஹொரமாவு பக்கம் வந்ததில்லை.
முதல் வாரமே அப்பளம்.

கழற்றிய டயர்கள் மூலையில்.
முன் இடதின் வெளித்தோள் மட்டும் தேய்ந்து
நூல் தெரிகிறது.
நயாஸ் அதைத் தடவுகிறார், நாடி பார்ப்பது போல.
"நந்தி ஹில்ஸா?" நிமிரவே இல்லை.
வாக்கிங் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன
அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும்
அங்கே கையெழுத்துப் போட்டிருந்தன.
அடுத்தவர் கணக்கில் ஓட்டை பார்த்தே
இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள்
மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
போன செப்டம்பர், ஹெப்பாள் மேம்பாலம், இதே மாதிரி தண்ணீர்.
முன்கண்ணாடியில் படித்திருக்க வேண்டிய
துமகூரு பஸ்ஸின் பெயர்ப்பலகையைப்
பக்கத்துக் கண்ணாடியில் படித்தேன்.
ஒரு மூச்சு நேரம்.
பிறகு வண்டி தானாகவே நேரானது,
நான் எதுவும் செய்யவில்லை.

"சாஃப்ட்டே போடுங்க. நாலும்."
குனிந்து பக்கச் சுவரில் தேதி தேடினேன்.
நாற்பத்தொன்று இருபத்துநான்கு.
நாற்பத்தொன்று இருபத்துநான்கு.
அதே வாரம். மூன்றாவதும்.
"இது இருபத்திரண்டு. மாத்துங்க."
நயாஸ் சிரித்தார். பிடிபட்டதில் அவருக்கும்
கொஞ்சம் நிம்மதி போல.

"முதல் முந்நூறு கிலோமீட்டர் மிதிக்காதீங்க.
மேல வழவழன்னு இருக்கும், தேயணும்."

ரிச்மண்ட் சர்க்கிளில் முப்பதில் போகிறேன்.
தண்ணீர் லாரி பின்னால் கத்துகிறது.
பிரியாணி டப்பா கட்டிய ஸ்கூட்டர்
என்னை முந்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது,
இவ்வளவு மஞ்சளாக இருந்துகொண்டா என்று.
டயர் முழுக்க மெல்லிய ரப்பர் மயிர்கள்,
பிறந்த குழந்தையின் காதில் இருப்பது போல.
அவை ஈரத்தில் உதிர்வதை
என்னால் கேட்க முடியாது. கேட்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

வாசலில் மீட்டர்: பதினான்கு.
பாக்கி இருநூற்று எண்பத்தாறு.
ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள்.

தக்காளி வாங்க ஹோசூர் போய்வந்தால்
எண்பது குறையும்.